வாசலில் காத்திருக்கும் ஆரம்பசூரர்

சோம்பேறியை எனக்குப் பிடிக்கும். உடற்பயிற்சியெல்லாம் நம்மால் ஆகாது என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்வான். வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. நான் இங்கே காட்டப்போவது வேறு இனம். இவர் எழுந்துவிடுவார். ஆரம்பித்தும் விடுவார். ஆரம்பிப்பதில் இவரை மிஞ்ச ஆளே கிடையாது. ஆரம்பசூரர் என்று இவரைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு வாய்த்த ஆரம்பசூரர் என் அக்காவின் கணவர், அதாவது அத்தான். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. ஊருக்கெல்லாம் மாடிப்படி வரைந்து கொடுப்பார். தாம் மட்டும் லிஃப்டில்தான் போவார்.

எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது இந்த இனத்தின் தாரக மந்திரம். யோகா என்று முடிவானதும் அத்தான் பாய் வாங்கப் போகவில்லை. முதலில் வீட்டுக் கூடத்துக்கு வரைபடம் போட்டார். பாய் எங்கே, மின்விசிறி எங்கே, கையை நீட்டினால் அலமாரி இடிக்குமா, படுத்திருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் தலை என்னாகும், எல்லாம் அளவோடு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது சொன்னதோடு விட்டாள். அத்தான் கோணலை நிமிர்த்தக் கிளம்பி, புத்தக அலமாரியை ஒற்றை ஆளாகத் தள்ளி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாரம் முழுக்கப் படுத்துவிட்டார். யோகா தம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

அப்புறம் எதுதான் ஒத்துக்கொண்டது? கயிறு தாண்டினார், கீழ்வீட்டுக்காரர் தங்கள் கூரைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு மேலே வந்தார். நீச்சல் குளத்துக்குப் போனார், ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்து பிறர் நீந்துவதை ஆராய்ந்தார். சைக்கிள் வாங்கினார், இருக்கை சரியில்லை என்று வேறு இருக்கை வாங்கினார், அதற்குப் பொருத்தமாக வேறு சைக்கிள் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் நடுவில் எந்தப் பயிற்சி எந்தத் தசைக்கு நல்லது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் வகுப்பு வேறு. நின்றுகொண்டு சொன்னாலும் கொஞ்சம் பலன் இருந்திருக்கும். சோபாவில் சாய்ந்துகொண்டுதான் சொல்வார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும், இரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருந்திருந்தால். டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "தினமும் நடங்க. அடுத்த தடவை பார்க்கும்போதும் இப்படியே இருந்தா மாத்திரைதான்" என்றார்.

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணம் உண்டு. அவருக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. காய்ச்சல் மாத்திரையைக்கூட அக்கா பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டினால்தான் உண்டு. சர்க்கரைக்கான மாத்திரையைத் தேனில் குழைக்க முடியாது என்பது வீடு திரும்பும் வழியிலேயே அவருக்கு உறைத்துவிட்டது.

ஆகவே நடை. தனியாக நடந்தால் விட்டுவிடுவோம் என்று தம்மைப் பற்றி முதன்முறையாகச் சரியாகக் கணித்து, மேல்வீட்டுக் கணக்கு வாத்தியாரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். விடிந்ததும் வாசல் கேட்டில் சந்திப்பு. வாத்தியாரும் லேசுப்பட்டவரல்ல, அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் தூசி படிந்த டம்பெல்ஸ் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். இது எத்தனை நாளைக்கு என்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலை கொட்டு கொட்டென்று கொட்டியது. அன்று நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. போனில் சொன்னால் சாக்குச் சொல்வது போலிருக்கும், நேரில் சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாத்தியாரும் குடையோடு நின்றிருந்தார். இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் வாயைத் திறப்பவன் தோற்றவன் அல்லவா? இரண்டு குடைகளும் தெருவில் இறங்கி நடந்தன.

தொப்பலாக நனைந்து திரும்பிய அத்தான் தலையைத் துவட்டியபடி என்னிடம் புலம்பினார். "அந்த வாத்தியார் மனுஷனே இல்லப்பா, இரும்பு. நானா இருந்தா எப்பவோ விட்டிருப்பேன்."

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் வாத்தியார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவரும் வேண்டாமென்று சொல்லத்தான் இறங்கினாராம். "உங்க அத்தான் விடவே மாட்டேங்கறாருங்க. அவருக்குப் பயந்துதான் நான் எழுந்திருக்கறேன்" என்றார்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? எனக்கு நாக்கு அரித்தது. முதலில் அக்காவிடம் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். "இது மட்டும் அவங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுது, மறுநாளே இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிடுவாங்க. அப்புறம் அந்த மாத்திரைய நீதான் வந்து ஊட்டணும்." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் என்னவோ போலாகிவிட்டது. வாயைப் பூட்டிக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர் அம்மா. அன்றிலிருந்து அத்தான் சோபாவில் சாய்ந்துகொண்டு மன உறுதியைப் பற்றி வகுப்பு எடுக்கிறார். நான் தலையாட்டுகிறேன். வேறென்ன செய்ய?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் விடிந்ததும் உங்களுக்காக வாசலில் ஓர் இரும்பு மனிதர் காத்திருக்கிறார் என்றால், தயவுசெய்து அவரிடம் எதையும் மனம்விட்டுப் பேசிவிடாதீர்கள். யாருமே காத்திருக்கவில்லையா? அப்படியானால் நீங்கள் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறீர்கள். உங்கள் உடம்புக்கு எந்தப் பயிற்சி ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ளத்தானே, சாய்ந்து உட்கார்ந்து, இதை இவ்வளவு தூரம் படித்தீர்கள்?