ஒரு டெலிபோன் எண்ணின் காரணிகள்

எண்ணைக் கண்டால் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கல்பாக்கத்தில் இவர்கள் நல்ல விளைச்சல். ஸ்கூட்டர் நம்பர், ரேஷன் கார்டு நம்பர், கல்யாணப் பத்திரிகையின் பின்கோடு என்று எதைக் காட்டினாலும் கண்ணைப் பாதி மூடி, உதட்டை அசைத்து, சற்று நேரம் கழித்து, "பகா எண் இல்லை" என்று துக்கம் சொல்வதுபோல் சொல்வார்கள். நீங்கள் கேட்டீர்களா? கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று சட்டமா?

எங்கள் பிளாக் உப்பிலி சார் ஒருமுறை ஸ்டாஃப் பஸ்ஸில் என் பாஸைப் பார்த்துவிட்டு, "இது குறைவெண். தன்னை விட்டு மத்த காரணிகளையெல்லாம் கூட்டினாலும் தன் அளவுக்கு வராது" என்றார். அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

தொண்ணூற்றாறில் பிளாக்குக்கே ஒரு டெலிபோன். அதுவும் அவர் வீட்டில். மாடி வீட்டு துரையின் மகள் வசுமதி, செங்கல்பட்டில் ஒரு புதுக் கம்பெனிக்கு இன்டர்வியூ போனபோது அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. லீவில் இருந்த உப்பிலி எடுத்தார். ஐந்துக்குள் மானேஜரின் நம்பருக்குப் பேசிச் சம்மதம் சொன்னால் வேலை. இல்லாவிட்டால் அடுத்த பெண்ணுக்கு.

வசுமதி படியிறங்கி ஓடி வந்தாள்.

"நம்பர் இன்னா அங்கிள்?"

"அற்புதமான நம்பர்மா! ஆறு இலக்கம். மூணு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு எல்லாத்தாலயும் வகுபடறது. கடைசியில மிஞ்சறது ஒரு பகா எண்!"

"எழுதி வெச்சீங்களா?"

"எதுக்கு? மனசுலயே வகுத்துட்டேனே."

"அந்தக் கடைசி எண் இன்னா?"

உப்பிலி யோசித்தார். "பகா எண். அதுல சந்தேகமே இல்ல."

அதற்குமேல் அவருக்கு ஞாபகமில்லை. கம்பெனி டைரக்டரியிலும் இல்லை. பாவம், அவருக்கும் பதைப்புத்தான். பென்சிலை எடுத்துப் பட்டியல் போட்டார். "ஐம்பத்தாறே ஐம்பத்தாறுதான் தேறும். உன் அதிர்ஷ்டம்!"

அவர் போனில் எஸ்.டி.டி. கிடையாது. வசுமதி சைக்கிளில் புதுப்பட்டினம் பூத்துக்குப் பறந்தாள். பட்டியலின் முதலிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். நெல் மண்டி எடுத்தது. பல் டாக்டர் எடுத்தார். தூக்கம் கலைந்த ஒரு ரிட்டயர்டு தாசில்தார் எடுத்து, எடுத்ததற்கும் சேர்த்துத் திட்டினார். முப்பதாவதில் பூத்துக்காரர் சாலமோன் கதவைத் திறந்தார்.

"இன்னாம்மா, செங்கல்பட்டு பூரா நலம் விசாரிச்சுகினு கீறியா?"

அவள் அழுதுகொண்டே அடுத்ததை அழுத்தினாள். ஐம்பத்தைந்தாவது எண் 951951. மானேஜர் எடுத்தார். மணி ஐந்து இரண்டு.

"இப்பத்தாம்மா இன்னொரு பொண்ணுக்குச் சொன்னேன்."

திரும்பி வந்தவளிடம் உப்பிலி கேட்டார்: "எந்த நம்பர்ல கிடைச்சார்?"

சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"முந்நூத்திப் பதினேழு! மிச்சம் பகா எண்தான்னு அப்பவே சொன்னேனே!"

வாசலில் நின்றிருந்த எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். வசுமதிக்காக வருத்தப்படவும் செய்வீர்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: வருத்தப்படுவதற்கு முன்னால், 951ஐ மூன்றால் வகுத்துப் பார்த்தீர்களா, இல்லையா?