கடலில் நனைத்த அரக்குச் சட்டை

ஓரிக்கை, காஞ்சிபுரம்
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் லோகேஸ்வரன் அவர்களுக்கு,

பத்தொன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன், போதும். இங்கு எல்லோரும் சுகம். உங்கள் வீட்டில் அங்கம்மாளும் குழந்தைகளும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். உங்களுக்காக வேண்டுதல் எதுவும் இல்லை. ஓரிக்கையிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு சைக்கிளில் வந்துவிடலாமே, தபால் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் அங்கம்மாள் காபி கொடுப்பாள், குடித்தால் எனக்குக் கோபம் ஆறிவிடும். ஆறக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அந்தமானுக்குப் போக வேண்டும் என்று நான் கேட்டேனா? எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குத் தென்னேரி ஏரிக்கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டால் போதும் என்றுதான் சொன்னேன். "ஏரியில இன்னா மாமா இருக்குது, கெண்ட தான். அங்க போனா பவளப்பாறை, ஆமை, கலர் கலரா மீனு" என்று உன் அக்கா அம்சாவையும் என் மகள் ஏஞ்சலையும் கிளப்பிவிட்டு டிக்கெட்டும் போட்டாய். (நீ என்று வந்துவிட்டது. இனி அப்படியே இருக்கட்டும்.) அத்தோடு விட்டிருக்கலாம். புறப்படுகிற அன்று காலையில் மூன்று பருத்திச் சட்டைகளைக் கொண்டுவந்து நீட்டினாய். உன் பட்டறையில் பட்டுநூலுக்குக் கலக்கிய அரக்குச் சாயம் மிச்சம் இருந்ததாம், கொட்ட மனமில்லாமல் சட்டைகளை அதில் முக்கி எடுத்தாயாம். பட்டுச் சாயம் பருத்தியில் நிற்குமா என்று கேட்டேன். இருபது வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவன் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "புதுத் துணிய உப்புத் தண்ணில ஊறப்போட்டா சாயம் கெட்டியா புடிச்சிக்கும் மாமா. அதுக்கு ஏன் பக்கெட்டு? கடலே உப்புத் தண்ணி தான, நேரா எறங்குங்க." நம் ஊரில் எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தானே என்று நானும் தலையாட்டினேன். வாங்கிய பட்டத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஏஞ்சல் அந்தச் சட்டையைப் பையை விட்டே எடுக்கவில்லை. அம்சா கடலைப் பார்த்ததும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உன் பேச்சை நம்பிப் போட்டுக்கொண்டவன் நான் ஒருவன்தான். தீவில் வழிகாட்டி வீராசாமி என்றொருவர், தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து போன குடும்பம். முகத்துக்குக் கண்ணாடி மூடி, வாயில் மூச்சுக்குழாய், இடுப்பில் ரப்பர் வளையம் மாட்டி எங்கள் இருபது பேரையும் குப்புற மிதக்கவிட்டார். கீழே மயில்கழுத்து நிறத்தில் ஒரு மீன் பாறையைக் கடித்து மென்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஓர் ஆமை, அவசரமே இல்லாமல் போனது. அழகாக இருந்தது என்று உனக்கு எழுதமாட்டேன். அரைமணி நேரம் போயிருக்கும், என்னைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது. வீராசாமி விசிலை ஊதி, "யாருக்கோ அடிபட்டுருச்சு, எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தினார். யாரோ சுறா என்றார்கள். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து இடது பக்கம் நீந்தினேன், ரத்தமும் வந்தது. வலது பக்கம் திரும்பினேன், அங்கேயும் வந்தது. எவனோ ஒரு பாவியைக் கடித்துவிட்டது, அவன் ரத்தம் என்னைத் துரத்துகிறது என்றுதான் நினைத்தேன், அந்தப் பாவி நான்தான் என்று எப்படித் தெரியும்?

கரையில் நாலு பேர் என்னை மணலில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கடிவாயைத் தேடினார்கள். சட்டையைக் கழற்றினால் உள்ளேயும் சிவப்பு. சுற்றுலா வந்த ஒரு நர்ஸம்மா தலையிலிருந்து கால்வரை தேடிவிட்டு, உள்காயமாக இருக்கும் என்று உதட்டைப் பிதுக்கினார். அம்சா அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசி ஆளாக ஏஞ்சல் வந்தாள். பயந்துபோய்த் தண்ணீரிலேயே நின்றுவிட்ட ஒரு வயதான அம்மாவைத் தன் வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பேச்சுக் கொடுத்தபடியே இழுத்து வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வீராசாமியிடம் சொன்னாள்: "ரத்தம் இல்லண்ணா. ரத்தம்னா இந்நேரம் கறுத்திருக்கும். இது அரக்கு, எங்க மாமா போட்ட சாயம்." உடனே உன் அக்காவுக்கு அழுகை நின்றுவிட்டது. "என் தம்பிய ஏன்டி சொல்ற? உங்கப்பா அவ்ளோ நேரம் ஊறிக்கினு இருந்தா எந்த சாயம் தான் போவாது?" ஆக, தப்பு ஊறியவன் மேல்.

வீராசாமி என்னைப் பார்த்து, "பவளத்து மேல சாயத் தண்ணிய விட்டுட்டீங்களே சார், படிச்சவங்கதான?" என்றார். வேதியியல் ஆசிரியனைப் பார்த்து. பிறகு ஏஞ்சலிடம், "எல்லாரும் ஓடுனாங்க, நீ ஒருத்திதாம்மா அந்தப் பாட்டிய விடல. இங்க ஒரு வருசம் பயிற்சி குடுக்கறாங்க, மீன் கணக்கெடுக்கணும், ஆளுங்களக் கூட்டிட்டுப் போகணும். வரியா?" என்று கேட்டார். விலங்கியல் படித்த பெண், உள்ளூரில் பி.எட். சேர்க்க நான் இடம் பார்த்து வைத்திருக்கிறேன், இவள் "வரேன்ணா" என்கிறாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பயிற்சிக்கான விண்ணப்பம் பதினைந்து நாளாக என் மேசை மேல் கிடக்கிறது. தகப்பன் கையெழுத்து வேண்டுமாம், வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். அவள் கேட்பதில்லை, தினமும் அதன் மேல் பேனாவை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள். நீயோ போனில், "நீ கவலப்படாத பாப்பா, மாமா பேசிக்கிறேன்" என்கிறாயாம். என்ன பேசுவாய்? உன் பிள்ளைகள் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்புகின்றன. பெயர் வைக்கும்போதே ஆரம்பித்தவன் நீ. பூங்கொடி என்று நான் எழுதிக் கொடுத்ததை நகராட்சியில் ஏஞ்சல் என்று பதிந்துவிட்டு வந்தாய், நான் பொறுத்துக்கொண்டேன். இப்போது சாயம் போடத் தெரியாத ஒருவனால் என் வீட்டில் ஒரு தட்டு குறையப் போகிறது. இதை நான் பொறுத்துக்கொள்ளப்போவதில்லை.

அங்கம்மாளுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள். நீ நூறாண்டு வாழ வேண்டும், உன்னைத் திட்ட எனக்கும் அத்தனை ஆண்டு வேண்டும்.

பின்குறிப்பு: விண்ணப்பத்தில் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாளை மேசை மேலிருந்து எடுத்து இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கொடுப்பதற்காக இரண்டு முறை ஏஞ்சலைக் கூப்பிட்டேன், இரண்டு முறையும் தண்ணீர் கேட்டு அனுப்பிவிட்டேன். இது கிடைத்த அன்றே வந்து நீ எடுத்துக் கொடு, மாமா பேசி வாங்கிக் கொடுத்ததாகவே இருக்கட்டும். நான் அப்போது கடைக்குப் போயிருப்பேன். அம்சா கண்ணில் இந்தக் கடிதம் பட்டால் நான் எழுதவே இல்லை என்று சாதிக்க வேண்டியிருக்கும், ஆகையால் இதில் மட்டும் கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்க்கிறேன்.