டாக்கா அண்ணாச்சியின் முழுத்தாள்

சங்கரன்கோவில் வரலாற்றிலேயே வடையைக் கீழே போட்டுவிட்டு, அதை மடித்திருந்த காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட ஒரே மனிதர் டாக்கா அண்ணாச்சிதான். பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி நான்.

சாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடை அவருடையது. நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலைக்கான கடிதத்தை எதிர்பார்த்து, அவர் கடை ஸ்டூலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தெட்டாம் வருஷம், ஒரு சாயங்காலம். வடை மடித்து வந்த தாளில் எழுபத்தொன்றில் நடந்த வங்கதேச விடுதலைப் போர்ச் செய்தி. 'முக்தி வாகினி வீரர்கள் பாலத்தை' என்பதோடு கிழிந்திருந்தது. அண்ணாச்சி வடைக்கடைக்கே திரும்பி ஓடினார்.

"பாலத்தை என்ன செஞ்சாங்க வே? மிச்சத் தாள் எங்க?"

"மிச்சத்துல பஜ்ஜி போயிட்டு. நம்ம ஊருச் சண்டையா அது? உமக்கு எதுக்கு?"

"ஒரு நாடு பொறந்திருக்கு வே! பொறந்த புள்ளைக்குச் சாதகம் வேண்டாமா? நீரு அதுல பஜ்ஜி மடிக்கீரு!"

அங்கேயே முடிவாயிற்று. பங்குனியில் தொடங்கி மார்கழியில் முடிந்த யுத்தம். ஒரு நாள் விடாமல் அசல் பேப்பர் சேர்த்தாக வேண்டும். ஊர் அவருக்கு 'டாக்கா' என்று பட்டம் கட்டியதும் இதற்குத்தான். நான் மட்டும் சும்மா இருப்பேனா? சைக்கிளை எடுத்தேன்.

பழைய பேப்பர் கடை, பலசரக்குக் கடை, ட்ரங்குப் பெட்டியின் அடி, எதையும் விடவில்லை. சிவகிரியில் அண்ணாச்சி ஒரு உறவுக்காரர் வீட்டுப் பெட்டியைக் கவிழ்த்து, பட்டுப்புடவைகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, அடியில் விரித்திருந்த தாளோடு வெளியே வந்தார். திருடன் என்று தெரு கூடியது. கையிலிருப்பது வெறும் பேப்பர் என்று தெரிந்ததும் "கிறுக்கன்" என்று கலைந்தது.

"திருடன்னப்ப ஒரு மரியாதை இருந்துச்சு வே" என்றார் அண்ணாச்சி.

இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. சரணடைந்த பாகிஸ்தான் தளபதி கையெழுத்துப் போடுகிற படம் முதல் பக்கத்தில் வந்த பேப்பர். கிடைக்காமல் இல்லை, ஏழு பிரதி கிடைத்தது. ஏழிலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் ஜன்னல்! ஊரே அன்றைக்குக் கத்தரியும் கையுமாக உட்கார்ந்து படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. சலூன்காரர் தன் சுவரைக் காட்டி, "இங்கனதான் ஒட்டுனேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி அவர் கத்தியையே எடுத்துச் சுரண்ட, மூன்றாவது வெள்ளையடிப்புக்குக் கீழே ஒரு தளபதியின் காது தெரிந்தது.

"அண்ணாச்சி, கத்தியக் கீழ போடும்! ஆளு காத்திருக்கு, நீரு செவுத்துக்கு ஷேவிங் பண்ணுதீரு!"

அண்ணாச்சி அசரவில்லை. "வெட்டாத மனுசன் ஒருத்தனாவது இருப்பான் வே. அவனக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

கண்டுபிடித்தது நான். அண்ணாச்சிக்கென்று ஒரு தொழில்முறை உண்டு. படம் நெளியக்கூடாது என்று அதன் முதுகில் பசை தடவிச் செய்தித்தாளை ஒட்டிவிட்டுத்தான் சட்டத்துக்குள் வைப்பார். அன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எழுபத்தொண்ணுல என்ன பேப்பர் ஒட்டுனீங்க?"

பிரஷ் அந்தரத்தில் நின்றது. பசை அவர் வேட்டியில் சொட்டியது.

"வெட்டாத மனுசன் நான்தாம்வே" என்றார் மெதுவாக. "கார்த்திகை மாசக் கல்யாணப் படமெல்லாம் குவிஞ்சு கெடந்துச்சு. வந்த பேப்பர விரிச்சுப் பாக்கக்கூட நேரமில்ல. வெட்டாம முழுத்தாள் கொள்ளுத படம் அன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன், புளியங்குடி டீச்சருக்கு."

அடுத்த பஸ்ஸில் புளியங்குடியில் இருந்தோம். டீச்சர் காரணத்தைக் கேட்டார், சிரித்தார், படத்தைக் கழற்றித் தந்தார். அண்ணாச்சி பின்பலகையின் ஆணிகளைப் பிடுங்கினார். முழுத்தாள்! ஜன்னல் இல்லாத முதல் பக்கம்! பாலத்தைக் கடந்த முக்தி வாகினியாக அவர் ஒரு குதி குதித்தார். பிறகு நகத்தால் ஓரத்தை நெம்பினார். தாளோடு கல்யாணப் படமும் சேர்ந்து எழும்பியது.

"அண்ணாச்சி" என்றார் டீச்சர். சிரிப்பு போயிருந்தது. "அவுக தவறி நாலு வருசமாச்சு. அவுக மொகம் இருக்கது இந்த ஒரு படத்துலதான். இதுக்குச் சேதமில்லாம எடுக்க முடியும்னா எடுத்துக்கிடுங்க. முடியுமா?"

திருடன், கிறுக்கன் எதற்கும் அசராத மனிதர் எழும்பிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டவைத்தார். "இன்னைக்கு முடியாது டீச்சர்." பழைய ஆணிகளையே ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் தட்டினார். சுவரில் மாட்டி, கோணல் இருக்கிறதா என்று இரண்டு முறை தள்ளி நின்று பார்த்தார்.

 பஸ்ஸில் சங்கரன்கோவில் வந்து இறங்கும்போது, "இட்லிக் கொப்பரை ஆவில காட்டுனா பசை எளகும் வே. ஆனா நாலஞ்சு படத்துல ஒத்திகை பாக்கணும். எவன் தருவான்?" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. அங்கியும் சுருட்டிய சர்டிபிகேட்டுமாக நான் நிற்கிற, அண்ணாச்சியே பசை தடவிச் சட்டம் போட்ட, எங்கள் வீட்டிலிருக்கும் ஒரே பட்டமளிப்புப் படத்தை இப்போதே சுவரிலிருந்து கழற்றி வைத்துவிட்டேன்.