சிவப்புக் காலிப்பர் பொருத்திய விவரம்

டாலிகஞ்ச்,
செவ்வாய்க்கிழமை

மேன்மை பொருந்திய மச்சான் ஈஸ்வரன் அவர்களுக்கு, திருநாவுக்கரசு எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை மரகதமும் நலம், காரும் நலம். அருப்புக்கோட்டையில் தாங்களும் அக்காவும் அவ்வாறே இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். தாங்கள் நடுவில் சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், ஆகவே கடிதம்.

தாங்கள் அனுப்பிய பிரேக் காலிப்பர் இரண்டும் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தன. ஹேடோ துறைமுக ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருஷம் சாமான் சரிபார்த்தவன் என்பதால் நானே போய் வாங்கி, அங்கேயே பிரித்தேன். சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு இத்தனை சிவப்பாக, இத்தனை லட்சணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெரிய ஜீப்பை நிறுத்துகிற பிரேக் என் சின்னக் காரை நிறுத்தாதா என்றுதானே தங்களைக் கேட்டேன். காரணம் தங்களுக்கே தெரியும். போன மாசம் எங்க தெரு இறக்கத்துல நான் பிரேக்கை மிதிக்க, கார் யோசிச்சுக்கிட்டே போய் ஒச்சம்மா வடைக்கடை பெஞ்சுல முட்டித்தான் நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, சட்னி மட்டும் பானெட்டுல. உங்க தங்கச்சி இறங்குனவ, "இனிமே எனக்கு பஸ்ஸு போதும்"னுட்டா. முந்தாநாள் வண்டூர்ல எங்க பொண்ணு சௌமியாவோட மகளுக்குக் காதுகுத்து. நான் கார்லயும் பொண்டாட்டி பஸ்ஸுலயும் போய் இறங்கியிருந்தா சம்பந்தி வீட்ல என்னன்னு நினைச்சிருப்பாங்க, நீங்களே சொல்லுங்க.

மெக்கானிக் பிஸ்வாஸ் காலிப்பரை வெச்சுப் பார்த்துட்டு, "யே நஹி பைட்டேகா, அங்கிள்"னான். உட்காராதாம். இது பெருசாம், இதுக்கு மேல என் சக்கரம் ஏறாதாம். அப்ப ஜீப் சக்கரமே போடுன்னேன். மட்கார்டுல உரசும்னான். மட்கார்டை வெட்டுன்னேன். அவன் என்னைப் பார்த்தான், கூட வந்திருந்த உங்க தங்கச்சியைப் பார்த்தான், டீ குடிக்கப் போயிட்டான். நான் விடுவேனா, மெயின்லேண்டுக்கு எழுதி மிச்ச ஜீப்பையும் வரவழைக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன். மூணாம் நாள் போன் வருது, "ஹோ கயா அங்கிள்"னு. முடிஞ்சிருச்சாம். ரெண்டு இடத்துல ராவி, எப்படியோ உட்கார வெச்சுட்டானாம். சக்கர ஓட்டை வழியா எட்டிப் பார்த்தேன், சிவப்பு தெரியுது. மனசு நிறைஞ்சுபோச்சு, மச்சான்.

சனிக்கிழமை அதே இறக்கத்துல சோதனை. மரகதம் ரோட்டுல சுண்ணாம்புக் கோடு போட்டுட்டு ஓரமா நின்னா. ஒச்சம்மா முன்ஜாக்கிரதையா சட்னியைத் தூக்கி உள்ள வெச்சிருச்சு. வந்தேன், மிதிச்சேன், கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலயே நின்னுச்சு. உங்க தங்கச்சி கதவைத் திறந்து பக்கத்துல உட்கார்ந்தா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன். மறுநாள் வண்டூர் போற வரைக்கும் ஒரு தடவைகூட அவ என் தோளைப் பிடிக்கல. சம்பந்தி வீட்டு வாசல்ல வர்றவங்களை எல்லாம் குனிய வெச்சுச் சிவப்பைக் காட்டினேன். காது குத்துன பிள்ளையை விட நான்தான் அதிகம் சத்தம் போட்டேன்னு சௌமியா சொல்றா. இருக்கட்டும்.

தாங்கள் அனுப்பிய இரும்பு என் சம்சாரத்தை என் பக்கத்தில் உட்கார வைத்தது. முருகன் அருளால் தங்கள் வீட்டு வண்டிகளும் மிதித்த இடத்தில் நிற்கட்டும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
அ. திருநாவுக்கரசு

பி.கு.: அண்ணே, மரகதம் எழுதுறேன். ஒட்டித் தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சுட்டேன். நீங்க அனுப்புன ரெண்டும் கார்ல இல்ல. துணி சுத்தி, என் ஊறுகாய் ஜாடி மேல பாரமா வெச்சிருக்கேன். அவரு அடுப்படிப் பக்கம் வர்ற ஆளா என்ன. பிஸ்வாஸ் பழைய காலிப்பரையே கழட்டி, உப்புக்காத்துல பிடிச்ச துருவை எடுத்து, தேஞ்ச பிரேக் பேடை மாத்தி மாட்டிட்டான். சிவப்பு, எங்க வீட்டு கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட்ல மிச்சம். டப்பாவை எடுத்துக் குடுத்ததே நான்தான். பழைய பிரேக்குன்னு தெரிஞ்சேதான் ஏறினேன், அவர் மூஞ்சியில இருந்த சந்தோசத்தைப் பார்த்து. இப்போ பின்சக்கரத்துக்கும் ஜீப்போடது வேணுமாம், உங்களுக்கு எழுதப் போறாராம். இல்லைன்னு சொல்லிடாதீங்க. அடுத்த ஜாடிக்கு மாங்கா வாங்கிட்டேன்.