புஷ்பவதியின் படத்துக்குப் பக்கத்தில் என் படம் ஏன் இல்லை

லாசால், மொன்றியல்
13 ஒக்ரோபர் 2006

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் பத்திரிகையை அச்சடிப்பவர்களும் எந்தக் குறையுமின்றி இருக்க இறைவனை வேண்டுகிறேன். நானும் என் மனைவி ஜெயலட்சுமியும் நல்ல சுகம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்கவேண்டும் என்பதால் எழுதினேன். உண்மையில் எனக்குச் சுகமில்லை. காரணம் தங்கள் செப்ரெம்பர் இதழின் ஐந்தாம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் 'மனப்பாரம் இறக்கும் தாதி' என்று தலைப்புப் போட்டு, புஷ்பவதியின் படத்தை வர்ணத்தில் அரைப்பக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். அவர் என் கடைக்கு எதிரே உள்ள சுகாதார நிலையத்தில் தாதி என்பதும், தாதிமாருக்கும் மற்றச் சுகாதார ஊழியர்களுக்குமாக நடக்கிற மருத்துவ உளவியல், உளச்சிகிச்சைப் பயிற்சிக்கு ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் போய்வருகிறார் என்பதும் எனக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல. அதைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் மூன்றாவது பந்தியில், 'எங்கள் சமூகத்தில் பிறர் துயரைக் காதுகொடுத்துக் கேட்க இதுவரை ஒருவரும் இருக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் மூன்று தரம் வாசித்தேன். நான் பதினேழு வருடமாக இதே தெருவில் டெப்பனர் என்கிற மூலைக்கடை நடத்துகிறேன். பால், பாண், லொத்தர் சீட்டு, பஸ் ரிக்கெற் எல்லாம் விற்கிறேன் என்பது வெளிப்பார்வைக்கு. உள்ளே நடந்தது முழுக்க உளச்சிகிச்சை. எத்தனை புருஷன் பெண்சாதிச் சண்டைகள் என் குளிர்பெட்டிக்கு முன்னால் தீர்ந்திருக்கின்றன. கேட்டதை நான் யாருக்கும் சொல்வதில்லை. உதாரணத்துக்கு ஒருவர், பெயர் சொல்லக்கூடாது, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற அம்புறோஸ், தம்பியோடு காணிப் பிரச்சினை என்று வந்தார். அவர் பாதி சொல்லும்போதே எனக்கு மீதி விளங்கிவிட்டது. 'இனி அவனோடை கதையாதை' என்று சொன்னேன். ஆறு வருடமாகக் கதைக்கவில்லை. அவ்வளவு உறுதியான ஆலோசனை.

அப்படிப்பட்ட அம்புறோஸ் இந்த வருடம் தை மாதத்திலிருந்து பாணை வாங்கிக்கொண்டு, மிச்சக் காசைக்கூட எண்ணாமல், தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகத் தொடங்கினார். முதலில் காலில் நோவு, தாதியிடம் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு வாராவாரம் வியாழக்கிழமைகளில் போனார். அப்படியொரு கால்நோவு கிடையாது. ஒருநாள் மறித்து, அங்கே அப்படி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லமாட்டா அண்ணை. கேட்டுக்கொண்டிருப்பா."

"ஒண்டும் சொல்லாட்டி அவ என்னத்துக்கு?"

"அதுதான் அண்ணை நல்லாயிருக்கு," என்றார்.

அன்றிலிருந்து என் கண் எதிர்ப்பக்கத்துக் கதவிலேயே இருந்தது. என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அதற்குள் போனார்கள். வரும்போது முகம் கழுவியவர்கள் போல வந்தார்கள். என் கடையிலிருந்து யாரும் அப்படிப் போய் நான் கண்டதில்லை, சண்டைபிடித்துக்கொண்டு போனவர்கள்தான் உண்டு. அந்த நேரம் பார்த்துப் புஷ்பவதியே ஒரு அறிவித்தலோடு கடைக்கு வந்தார். பயிற்சிக்காகத் தமிழ் பேசுகிற தன்னார்வலர் ஒருவர் வேண்டுமாம், நோயாளராக இருக்கக்கூடாதாம், மனதில் உள்ள ஒரு பிரச்சினையை அரை மணித்தியாலம் பேசவேண்டுமாம். கண்ணாடியில் ஒட்டிவிடச் சொன்னார். ஒட்டினேன். அவர் தெருவைக் கடக்கும் வரை அது கண்ணாடியில் இருந்தது. பிறகு கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தேன். இரண்டு கிழமை கழித்து, ஒருவரும் வரவில்லை என்று அவர் கவலையோடு சொன்னபோது, நான் வருகிறேன் என்றேன். தெரிந்தவர்களோடு செய்வது அவ்வளவு சரியில்லை என்று தயங்கினார். வேறு ஆள் இல்லாதபடியால் தன் பயிற்சி ஆசிரியரிடம் கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

என் திட்டத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பொய்ப் பிரச்சினை ஒன்றைக் கொண்டுபோய், அவர் பதில் தெரியாமல் முழிப்பதை அவருடைய ஆசிரியர்களுக்குக் காட்டவேண்டும் என்பதுதான். ஜெயலட்சுமியைக் கடையில் இருத்திவிட்டு, அங்கிரிஞோனில் மெற்றோ ஏறிப் பயிற்சி நடக்கிற இடத்துக்குப் போனேன். சின்ன அறை. இரண்டு கதிரை, கண் துடைக்கிற ரிசுத்தாள் பெட்டி ஒன்று, பேச்சைப் பதிகிற ஒரு கருவி. பயிற்சி கொடுக்கிற எலிசா என்ற அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது, முகத்தைப் பார்ப்பாராம், பேச்சைப் புஷ்பவதி பிறகு பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பாராம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அம்புறோஸின் பிரச்சினையை என் பிரச்சினையாகச் சொல்லத் தொடங்கினேன். ஊரில் ஒரு காணி, ஒரு தம்பி, ஆறு வருடமாகப் பேச்சில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில்தான், அம்புறோஸ் இதையெல்லாம் வியாழக்கிழமைகளில் இவரிடம் சொல்லியிருப்பாரே என்பது எனக்கு உறைத்தது. ஆனால் புஷ்பவதியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. நான் முடிக்கும் வரை கேட்டார். பிறகு, "இதைச் சொல்லேக்கை உங்களுக்கு எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

ஆசிரியர் அவர்களே, பேசாமல் இருப்பது என்றால் தாங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. என் கடையில் பதினேழு வருடத்தில் அப்படி ஒரு அமைதி வந்ததில்லை, வர நான் விட்டதில்லை. குளிர்பெட்டியின் இரைச்சல்கூட இல்லாத அறை. நான் மழையைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார். மெற்றோவில் சனம் என்றேன். அதற்கும் தலையாட்டினார். அதற்கு மேல் கையிருப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அப்போதுதான் என் வாயிலிருந்து, "என்ரை மோள் என்னோடை கதைக்கிறேல்லை," என்று வந்தது.

அதை நான் கொண்டுபோகவில்லை. எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. மகள் கோபிகா ரொறன்ரோவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள், நான் எடுத்தால் "அம்மாவிட்டைக் குடுங்கோ அப்பா" என்பாள். சண்டை ஒன்றும் இல்லை. மூன்று வருடமாக அந்த மூன்று சொல்தான். தெருவில் உள்ள சனம் எல்லாம் எனக்குச் சொல்கிறது, என் பிள்ளை சொல்லாதாம். அவள் வாய் திறந்தால் நான் முடிவைச் சொல்லிவிடுவேன் என்று ஒருமுறை தாயிடம் சொல்லியிருக்கிறாள். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ரிசுத்தாள் பெட்டியில் பாதி போய்விட்டது. புஷ்பவதி ஒரு ஆலோசனையும் சொல்லவில்லை. எழும்பும்போது எலிசா அம்மா என் கையைப் பிடித்து மெர்சி என்று நன்றி சொன்னார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. ஒரு சொல் விளங்காதவர்.

அடுத்த நாள் ஞாயிறு. போன் மணி அடித்தது. கோபிகா வழக்கம் போல அம்மாவைக் கேட்டாள். அம்மா குளிக்கிறா என்றேன், அது உண்மை. அவள் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. நானும் பேசவில்லை. நாக்கைப் பல்லுக்கு இடையில் வைத்துக்கொண்டேன், அது உண்மையாகவே நோகிறது. பிறகு அவள், வங்கி வேலையை விட்டு இரண்டு மாதமாகிறது, அங்கே மேலதிகாரி எல்லோருக்கும் முன்னால் ஏசுவான், காலையில் வந்த பஸ்ஸில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிய நாட்களும் உண்டு என்று சொல்லத் தொடங்கினாள். இருபது நிமிடம். எனக்குள் ஒன்பது ஆலோசனைகள் வந்து வரிசையில் நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

"அப்பா, லைனிலை இருக்கிறியளோ? ஒண்டும் சொல்லேல்லை."

"இருக்கிறன் பிள்ளை. கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அழுதாள், பிறகு சிரித்தாள். வரும் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றாள். அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் சொல்கிறாள், நான் பயிற்சிக்குப் போன கதையைத் தாய் நேற்றே சொல்லிவிட்டாளாம், "புஷ்பவதி அன்ரிக்கு என்ரை தாங்ஸைச் சொல்லுங்கோ" என்று.

தாங்களே நீதி சொல்லுங்கள். வாயை மூடியது நான். நாக்கைக் கடித்தது நான். நன்றி எதிர்ப்பக்கத்துக்குப் போகிறது. ஆகவே அடுத்த இதழில் மேற்படி மூன்றாவது பந்திக்குத் திருத்தம் போடவேண்டும் என்றும், பதினேழு வருடச் சேவையைக் குறிப்பிட்டு என் படத்தையும் வர்ணத்தில், அவருடையதிலும் சிறியதாக இல்லாமல், போடவேண்டும் என்றும் பணிவாகவும் கண்டிப்பாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பணி தொடர வாழ்த்தியும், தங்கள் வீட்டாருக்கு எங்கள் அன்பைச் சொல்லியும் முடிக்கிறேன்.

இங்ஙனம்,
க. அருமைராசா

பி.கு.: இந்தக் கடிதத்தைப் போடவேண்டாம். உறையில் முத்திரை ஒட்டிவிட்டபடியால் அனுப்புகிறேன். கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது புஷ்பவதி பால் வாங்க வந்தார். லொத்தர் தாளால் கடிதத்தை மூடிவிட்டு, "எப்பிடிப் பிள்ளை?" என்று வாய்ப்பேச்சுக்குக் கேட்டேன். அவர் பாலைக் கீழே வைத்தார். நான் சும்மா இருந்தேன். பால் கூடையைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து முக்கால் மணித்தியாலம் பேசினார். வந்தவர்களைக் கையைக் காட்டி அனுப்பினேன். என்ன சொன்னார் என்பதை எழுதமாட்டேன். ஜெயலட்சுமிக்கும் சொல்லவில்லை, அதனால் அவள் என்னோடு கோபம். அம்புறோஸின் பெயர் வருகிற இடங்களைத் தயவுசெய்து மையால் அழித்துவிடவும். நானே அழிக்கப் பார்த்தேன், நிறைய இடத்தில் வருகிறது. படமும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். ஆனால் ஒன்று, ஆசிரியர் அவர்களே. அவருக்கு எலிசா அம்மா இருக்கிறார், கூடப் படிக்கிற பதினொரு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் முறையாகப் படித்தவர்கள். வந்தது என்னிடம்.