அர்த்தனாரியின் அசையாத வைப்பர்

சுவிட்சைத் திருகினால் வைப்பர் ஆட வேண்டும். அர்த்தனாரி திருகினான். வைப்பர் ஆடவில்லை. அதற்குப் பதிலாக மீட்டர் பலகையில் இருந்த குட்டி விளக்கு, தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் மாதிரி, மங்கலாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

"உன்னை யாருடா கூப்பிட்டது?" என்றான் அர்த்தனாரி.

சுவிட்சை அணைத்தான். விளக்கும் கண்ணை மூடிக்கொண்டது. மறுபடி திருகினான். மறுபடி விளக்கு. வைப்பர் மட்டும் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போலக் கண்ணாடியில் சாய்ந்தபடியே கிடந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த கண்ணாயி கேட்டாள்: "இன்னிக்கும் அந்தக் கை அசையலீங்களா, சாமி?"

"அசையும் அக்கா, அசையும். எங்க போயிரும்?"

"அசையாட்டிப் போவுதுங்க. நீங்க வந்து கஞ்சி குடிங்க."

இந்த மலையில் தனக்காக இரக்கப்படும் ஓர் ஆத்மா இருக்கிறது என்று அர்த்தனாரி நெகிழ்ந்துபோனான். கை கழுவப் போகும்போது வானத்தைப் பார்த்தான். மேகம் இல்லை. "இன்னிக்கும் காப்பாத்திட்டப்பா" என்று கும்பிட்டான்.

மழைக்கும் அவனுக்கும் அப்படி ஒரு வழக்கு இருந்தது.

அவனுடைய முதலாளி கருப்பண்ணனுக்கு மலைமேல் காப்பித் தோட்டம். அடிவாரத்திலிருந்து மேலே வர ரோடு கிடையாது. மனிதர்கள் நடந்து வருவார்கள், முதலாளிமார் டோலியில் வருவார்கள். ஆனால் செம்மேட்டிலிருந்து தோட்டம் வரைக்கும் மேலேயே ஒரு வண்டித்தடம் இருந்தது. தடம் இருக்கும்போது மோட்டார் இல்லாமல் இருப்பது கருப்பண்ணனின் கௌரவத்தை உறுத்தியது. ஏற்காட்டில் யாரோ ஒரு துரை ஓட்டி அலுத்த பழைய காரை வாங்கி, அடிவாரத்தில் துண்டு துண்டாகக் கழற்றி, மூங்கிலில் கட்டிக் காவடி போல் மலைமேல் ஏற்றிவிட்டார். மலையிலிருக்கும் அரியூர் நாட்டு ஆட்கள்தான் சுமந்தார்கள். ஊர்க்கவுண்டரான காத்தான், கண்ணாயியின் புருஷன், முன்கண்ணாடியை வைப்பரோடு தன் தோளிலேயே தூக்கி வந்தார்.

சேலத்து ஃபிட்டர் ஒருவன் வந்து எல்லாவற்றையும் பூட்டினான். கடைசியில் ஒரு கைப்பிடித் திருகாணிகள் மிஞ்சின. "இதெல்லாம் வெள்ளைக்காரன் அதிகப்படியாப் போட்டது" என்று சொல்லிவிட்டு, யாரும் யோசிப்பதற்குள் மலை இறங்கிவிட்டான்.

வண்டிக்குப் பூஜை போட்ட அன்று மலையே திரண்டிருந்தது. வைகாசி பிறந்தும் மழை இல்லாத வருஷம். சாமை விதை எல்லார் வீட்டிலும் கூடைக்குள் காத்துக் கிடந்தது. அன்றைக்கென்று கிழக்கே ஒரு கருமேகம் ஏறி வந்தது. கூட்டத்தைக் கண்டால் வாய் சும்மா இருக்காத அர்த்தனாரி, ஓட்டுநர் பக்கத்துக் கால்படியில் ஏறி நின்றுகொண்டு, "எல்லாரும் பாருங்க!" என்று வைப்பர் சுவிட்சைத் தட்டிவிட்டான். அது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அழகாக ஆடியது.

"இது என்னத்துக்குங்க டைவரே?" என்று காத்தான் கேட்டார்.

"மழைக்கும் இதுக்கும் ஜென்மப் பகைங்க கவுண்டரே! எத்தாம் பெரிய மழை வந்தாலும் சரி, இது இப்படி ரெண்டு ஆட்டு ஆட்டுச்சுன்னா ஒரு சொட்டு தங்காது. ஓடிப் போயிரும்!"

கூட்டம் அப்படியே வாயடைத்து நின்றது. விஞ்ஞானத்தைக் கண்டு பிரமித்துவிட்டார்கள் என்று அர்த்தனாரி இன்னும் கொஞ்ச நேரம் ஆட விட்டான். கருமேகமும் வேடிக்கை பார்த்து முடித்துவிட்டு வடக்கே போய்விட்டது.

பிறகு ஊரார் மாலை போட்டார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். காத்தான் மட்டும் தனியாக வந்து, கண்ணாடிச் சட்டத்தின் அடியில் கறுப்புக் கம்பி வந்து சேருகிற போல்ட்டின் மரையைத் தளர்த்தி, விளக்கெண்ணெயும் மஞ்சளும் தோய்த்த நூலை மந்திரம் முணுமுணுத்தபடி சுற்றிக் கட்டினார்.

"காப்புங்க டைவரே. எறக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"தொடுவேனுங்களா? நானும் சாமி கும்புடறவன்தானுங்களே" என்று அர்த்தனாரி கன்னத்தில் போட்டுக்கொண்டான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் முடியும் வரைக்கும் ஊர் எல்லை தாண்டாத வம்சம் அவனுடையது.

அடுத்த வாரமே வந்தது வினை. முதலாளி பின்னால் உட்கார்ந்திருக்க, வழியில் பனிமூட்டம் இறங்கிக் கண்ணாடியைப் பால் ஊற்றியது போல மூடிவிட்டது. சுவிட்சைத் திருகினால் வைப்பர் செத்துக் கிடந்தது. வண்டி தடத்தை விட்டிறங்கி, குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் போய், ஒரு பொலிகாளை மாதிரி மூச்சு விட்டபடி நின்றது. முதலாளி தலைப்பாகையில் இலைகளோடு இறங்கினார்.

"பனிக்கே இந்தக் கதின்னா மழைக்கு என்னடா பண்ணுவே? முதல் மழை பெய்யற அன்னிக்கு இது ஆடணும். ஆடலேன்னா நீ அன்னிக்கே மலை எறங்கிரு. திரும்பிப் பாக்காம எறங்கிரு!"

மலை இறங்கினால் எங்கே போவது? மனைவி மாதம்மாள் இருக்கிற இடத்துக்குத்தான். அங்கே மாமனாருக்கு எண்ணெய்ச் செக்கு. மோட்டார் வேலை கிடைப்பதற்கு முன்பு அர்த்தனாரி செக்கு உலக்கையில் பாரக்கல்லுக்குப் பதிலாக உட்கார்ந்து வட்டம் சுற்றிக்கொண்டிருந்தான். "மாப்பிள்ளைய விட அந்தக் கல்லே தேவலாம், அது சோறு கேக்காது" என்று மாமனார் நாலு பேர் முன்னால் சொன்ன நாள் முதல், அந்த வட்டத்துக்குள் திரும்பக் கால் வைப்பதில்லை என்று சபதம். டைவர் ஆனபிறகுதான் அந்த வீட்டில் அவனுக்குத் தலைவாழை இலை விழுந்தது.

ஆகவே மழை வருவதற்குள் வைப்பர் ஆட வேண்டும். அல்லது மழையே வரக்கூடாது. இரண்டுக்கும் சேர்த்தே அவன் முயற்சி செய்தான்.

முதலில் சுவிட்சில் கோளாறு என்று முடிவு கட்டினான். கழற்றினான். உள்ளேயிருந்து ஒரு சுருள் வில் துள்ளிக் குதித்துப் புல்லுக்குள் போனது. அன்று முழுக்க மண்டி போட்டுத் தேடினான். ஒரு பழைய லாடமும் ஒரு தேளும் கிடைத்தன. வில் கிடைக்கவில்லை. கடைசியில் ஓர் ஆணியைச் செருகி சுவிட்சைப் பூட்டினான். இனி அது எப்போதும் போட்டபடியேதான் இருக்கும், அணைக்க முடியாது.

"அணைக்கிறதுக்கு என்ன அவசரம்? முதல்ல ஆடட்டும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அடுத்து, பேட்டரியிலிருந்தே நேராகக் கம்பி இழுத்து வைப்பர் மோட்டாருக்குக் கொடுத்துப் பார்த்தான். வைப்பர் ஆடவில்லை. ஆடாத கோபத்தில் கம்பியை உதற, அது வண்டியின் உடம்பில் பட்டு, தீபாவளி நடந்தது. புகை வந்தது. நாலைந்து கம்பிகளின் ரப்பர் உறை உருகி ஒன்றோடொன்று கட்டிப் பிடித்துக்கொண்டன. அவற்றைப் பிரித்து, தன் வேட்டியைக் கிழித்துச் சுற்றி, எது எதனுடையது என்று ஞாபகம் வைத்துப் பூட்டினான். ஞாபகம் ஓர் இடத்தில் தவறியது. அன்றிலிருந்து பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது.

பிறகு பேட்டரியையே சந்தேகப்பட்டு இறக்கினான். திராவகம் சிந்தி, முதலாளி தைத்துக் கொடுத்த காக்கிக் கால்சட்டையில் முட்டிக்கு மேலே ஜன்னல் வைத்தது.

மோட்டாரைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருக்கிற பொருளைத் திட்டக்கூட முடிவதில்லை.

"கரண்ட் போறது மட்டும் போதாதுக்கா. போனவன் ஊடு திரும்பவும் வழி வேணும்" என்று கண்ணாயியிடம், சேலத்தில் கிளீனராக இருந்தபோது கற்ற பாடத்தை ஒப்பித்தான். "அதுக்கு எர்த்துன்னு பேரு. அதையும் பாத்துட்டேன். காப்புக் கட்டின போல்ட்டு ஒண்ணுதான் பாக்கி. அங்க சாமியே காவல் இருக்குது, அதுல என்ன கோளாறு வரப்போவுது?"

"அதத் தொட்டுறாதீங்க சாமி!" என்றாள் கண்ணாயி அவசரமாக.

"சேச்சே!"

அவள் அன்றைக்குச் சாமைச் சோற்றில் மலைத்தேனை ஊற்றிப் போட்டாள். ஊற்றும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் சாப்பிட்டுக்கொண்டே மேற்கே பார்த்தான். பஞ்சு மாதிரி ஒரு மேகம். எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டான்.

"அக்கா, அறப்பளீஸ்வரனுக்குத் தேங்காய் உடைக்கறதா வேண்டியிருக்கேன். இன்னும் பத்து நாளைக்கு மழையே வரக்கூடாதுன்னு."

கண்ணாயியின் கையிலிருந்த அகப்பை நின்றது.

"மழை வரக்கூடாதுன்னா?"

"வந்தா என்ற பொழப்பு போச்சுங்க."

"வராட்டி எங்க பொழப்பு?"

சாமை விதைக் கூடை அந்த வீட்டு மூலையிலேயே இருந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு இலையைப் பார்த்தான். "எட்டு நாளா வேணா சாமிகிட்டக் குறைச்சுக் கேக்கறேன்" என்றான் மெதுவாக.

மறுநாள் வண்டியைத் துடைக்கும்போது, போல்ட்டிலிருந்த காப்பு முன்னைவிட இரண்டு மடங்கு தடித்திருந்தது. நூலில் புது மஞ்சள், புது எண்ணெய். ஊராருக்குத் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆனால் சாமி எட்டு நாள்கூடக் கொடுக்கவில்லை. முதலாளி டோலியில் வந்து செம்மேட்டில் இறங்கி, காரில் ஏறி உட்கார்ந்த அதே நாழிகையில் வானம் கறுத்தது. நாலாப் பக்கமும் ஒரே சமயத்தில், தப்பி ஓட ஒரு மூலைகூட விடாமல் கறுத்தது.

"எடுடா வண்டிய" என்றார் கருப்பண்ணன்.

அர்த்தனாரி கடைசி அஸ்திரத்தை ஏற்கெனவே தயாராக வைத்திருந்தான். வைப்பரில் கட்டிய ஒரு கயிறு, இந்தப் பக்க ஜன்னல் வழியாக அவன் கைக்கு வந்தது. இன்னொரு கயிறு, அந்தப் பக்க ஜன்னல் வழியாகப் பின்னிருக்கைக்குப் போனது.

"இது என்னடா?"

"ஒண்ணுமில்லீங்க முதலாளி. நான் ஒரு இழுப்பு இழுத்ததும் நீங்க ஒரு இழுப்பு இழுத்தீங்கன்னா..."

"நானா?"

அதற்குள் முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. நெல்லிக்காய் அளவு. பிறகு கூடை கூடையாக. அர்த்தனாரி இழுத்தான். வேறு வழியில்லாமல் கருப்பண்ணனும் இழுத்தார். மலையின் ஒரே மோட்டார் முதலாளி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கிணற்றில் தண்ணீர் இறைப்பவர் போல இழுத்தார். நாலு இழுப்பு சரியாக வந்தது. ஐந்தாவதில் இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தார்கள். கயிறு இரண்டும் அறுந்தன. முதலாளி மல்லாந்தார். அர்த்தனாரி பிரேக்கை மிதித்தான். ஹாரன் மலை முழுக்க ஒப்பாரி வைத்தது.

வண்டி நின்ற இடம் காத்தானின் விதைக்காத சாமைக் காட்டோரம். காட்டுக்குள் ஆணும் பெண்ணும் மழையில் நனைந்தபடி குலவை போட்டுக் குதித்துக்கொண்டிருந்தார்கள். தன் பிழைப்பு முடிந்த நாளில் ஊரே இப்படிக் கொண்டாட வேண்டுமா என்று அவனுக்கு இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கு மட்டும் ஒரு செக்கும், அதைச் சுற்றி ஒரு வட்டமும் துல்லியமாகத் தெரிந்தன.

"எறங்குடா" என்றார் கருப்பண்ணன்.

"முதலாளி, ஒரே ஒரு..."

"சாவிய அப்படியே விட்டுட்டு எறங்குடா!"

அர்த்தனாரி இறங்கினான். மழை கால்சட்டை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அழுதால் யாருக்கும் தெரியாது என்ற ஒரே வசதிதான் அந்த மழையில் அவனுக்கு இருந்தது. அந்த வசதியை அவன் பயன்படுத்திக்கொண்டான்.

அப்போது காட்டிலிருந்து காத்தானும் கண்ணாயியும் சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு. காத்தான் நேரே வண்டியிடம் போய், வானத்தை நோக்கி ஒரு கும்பிடு போட்டு, போல்ட்டின் மரையைத் தளர்த்தி, எண்ணெய் ஊறிய நூலைச் சுற்றுச் சுற்றாக உருவி எடுத்தார். பிறகு மரையை விரலாலேயே இறுக்கித் திருகினார்.

வைப்பர் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு எழுந்தது. அந்தப் பக்கம் போனது. இந்தப் பக்கம் வந்தது. மறுபடி போனது.

பாதி வசவோடு திறந்திருந்த முதலாளியின் வாய் அப்படியே நின்றது. பிறகு, "என்னடா மரமாட்டம் நிக்கறே? ஏறி வண்டிய எடுடா!" என்று அது முடிந்தது.

அர்த்தனாரி ஏறவில்லை. காத்தான் கையில் தொங்கிய மஞ்சள் நூலையும், ஆணி அடித்த சுவிட்சின் புண்ணியத்தில் இனி யாராலும் நிறுத்த முடியாமல் ஆடிக்கொண்டிருந்த வைப்பரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா... இந்தக் காப்பு, வண்டி நல்லா இருக்கறதுக்குக் கட்டினது இல்லீங்களா?"

கண்ணாயி ஈரத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அது கையாட்டுனா எத்தாம் பெரிய மழையும் ஓடிப் போயிரும்னு நீங்கதானுங்க சாமி சொன்னீங்க, அதான் வெதைக்கிற மழை வர்ற வரைக்கும் அந்தக் கையக் கட்டிப் போட்டு வெச்சிருந்தோம், இனி ஆட்டிக்கட்டும், ஆனா வண்டிய மட்டும் வெரசா எங்க காட்டத் தாண்டி ஓட்டிக்கிட்டுப் போயிருங்க!"