இடைநிற்றலே இல்லாத பள்ளி

மாணவர் நலனுக்காக உலகில் எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கலாம். ஆனால் அதற்கென நான்கடிக்கு இரண்டடியில் பலகை எழுதி, அதன் மேல் சீரியல் விளக்கும் போட்டது எங்கள் கொடைவிளக்கு மேல்நிலைப் பள்ளி ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வேன்.

போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது பள்ளி. நான் தலைமையாசிரியர். பதினோரு ஆண்டுகளாகத் தலைமை. ஆசிரியர் வேலையை அதற்கு முன்பே விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு எங்கள் தாளாளர் பால்சாமி ஐயா ஒரு பெரிய சிந்தனையோடு வந்தார்.

"வாத்தியாரே, பெரிய பெரிய பள்ளிக்கூடத்துலயெல்லாம் பிள்ளைகளுக்குச் சமூகப் பணியாளர்னு ஒருத்தர வச்சிருக்காகளாம். நாமளும் ஒண்ணு வாங்கிப் போடுவோம். நோட்டீசுல போட்டா சேர்க்கை கூடும்."

'ஒண்ணு' வந்தது. பெயர் பவதாரணி. பக்கத்து ஊரான தேவாரத்துப் பெண். சமூகப் பணியில் முதுகலைப் பட்டம். மாடிப்படிக்குக் கீழே அவருக்கு ஓர் அறை ஒதுக்கி, 'மனம் திறக்கும் அறை' என்று எழுதினோம். உடைந்த பெஞ்சுகள் உள்ளே கிடந்ததால் கதவு பாதிதான் திறந்தது. மனமும் பாதி திறந்தால் போதும் என்பது என் கருத்து.

பணியாளர் என்றால் பணிந்து போகிறவர் என்றுதான் நாங்கள் பொருள் கொண்டோம். கணக்கு ஆசிரியர் விடுப்பெடுத்தால் கணக்குப் பாடம், ஆண்டு விழாவுக்குப் பலூன், கல்வி அதிகாரி வந்தால் இளநீர் என்று அவருடைய பட்டத்துக்கு ஏற்ற பொறுப்புகளைக் குறைவில்லாமல் கொடுத்தோம். இவற்றுக்கெல்லாம் மேலாக 'மகிழ்ச்சிப் பதிவேடு' என்ற என் கண்டுபிடிப்பையும் அவரிடம் ஒப்படைத்தேன். ஒவ்வொரு மாணவருக்கும் தினமும் 'மகிழ்ச்சி' அல்லது 'மிக்க மகிழ்ச்சி' என்று வகுப்பாசிரியர் குறிப்பார். சோகத்துக்குக் கட்டமே இல்லை. ஆகவே எங்கள் பள்ளியில் சோகமும் இல்லை.

அந்தப் பதிவேட்டை அந்தப் பெண் படித்துத் தொலைத்தார். அங்கேதான் வினை தொடங்கியது.

"சார், ஒன்பதாம் வகுப்பு சிவரஞ்சனிக்குப் பதினோரு நாளா மிக்க மகிழ்ச்சின்னு இருக்கு."

"சந்தோசமான விசயம்."

"அந்தப் பதினோரு நாளும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வரலை சார்."

"அதனாலதான் மிக்க மகிழ்ச்சி."

நான் சொன்னதில் என்ன தவறு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் சிவரஞ்சனி வந்தாள். ஒழுக்கத்தில் நான் கண்டிப்பானவன்; வாசலிலேயே நிறுத்தினேன்.

"அட்டை எங்க?"

அடையாள அட்டையைத்தான் கேட்டேன். அவள் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கி, காலைக் காட்டினாள். அங்கங்கே கடிவாய், காய்ந்த ரத்தம்.

"மூணு அட்டை சார். நேத்துத்தான் உப்பு வச்சு எடுத்தோம். ஏலக்காட்டுல மழைக்கு ரொம்ப ஏறுது."

விதிப்படி அவளை வெளியே நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குள் பவதாரணி வந்து தன் அறைக்குக் கூட்டிப் போய்விட்டார். நாற்பது நிமிடம் பேசினார்கள். ஒரு மாணவருக்குப் பத்து நிமிட ஆறுதல் என்பதுதான் நான் வகுத்த அளவு. முப்பது நிமிட ஆறுதல் வீண். கதவு சரியாக மூடாததால், நிர்வாக நலன் கருதி நான் வெளியே நின்று கேட்டேன்.

"அம்மா காட்டுல வழுக்கி விழுந்துருச்சு டீச்சர். இடுப்புல அடி. எந்திரிச்சு நடக்க முடியல. அந்த எடத்துக்கு நான் போகலேன்னா ஜீப்புல வேற ஆளை ஏத்திருவாக. பொறகு அம்மாவுக்குச் சோலியே இருக்காது."

"ஒனக்குப் படிக்க ஆசை இல்லையா?"

"இருக்கு டீச்சர். அதான் இன்னிக்கு மழைன்னு ஜீப்பு வரலைன்னதும் ஓடி வந்துட்டேன்."

பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. அது மாணவியுடையதா, பணியாளருடையதா என்று பதிவு செய்ய இயலவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பவதாரணி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கே அந்த ஜீப்பில் ஏறிவிட்டார். படித்த பெண் செய்கிற காரியமா? பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் இருபத்திரண்டு பேர். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. எங்கள் மாணவர்களில் பலர் அதில் நின்றுகொண்டே மலையேறியிருக்கிறார்கள். வண்டி இடையில் எங்கும் நிற்பதில்லை. எங்கள் பள்ளியில் இடைநிற்றலே இல்லை என்று நான் அறிக்கை அனுப்புவதன் பொருள் இதுதான்.

மேலே போய் அவர் பார்த்தது, ஏலச் செடியின் தூரில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகள் ஏழு பேர். காய் தரையோரம் கிடப்பதால் சின்ன உடம்புக்குக் குனிவது சுலபம் என்று கங்காணி விளக்கினாராம். தோட்டம் யாருடையது என்று பவதாரணி கேட்டிருக்கிறார். கங்காணி வாசல் பலகையைக் காட்டியிருக்கிறார்.

பால்சாமி எஸ்டேட்.

அவசரமாக மாணவர் நலக் குழு கூடியது. முந்திரியும் மிக்சரும் வைத்தோம்.

"மிஸ்சு, ஒங்களுக்கு என்ன சோலி குடுத்தோம்?" என்று தாளாளர் கனிவாகத் தொடங்கினார்.

"பிள்ளைக ஏன் வரலைன்னு பாக்குற சோலி சார்."

"பாத்தாச்சா?"

"பாத்துட்டேன். ஒங்க தோட்டத்துல இருக்காங்க."

"அப்புறம் என்ன? காணாமப் போகலையே! பத்திரமாத்தான இருக்குதுக?"

குழு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நான் உடனே 'இயற்கையோடு இணைந்த களப்பயிற்சி' என்று தீர்மானத்துக்குத் தலைப்பு எழுதினேன்.

"எந்தப் பாடத்துக்குப் பயிற்சி சார்?" என்றார் பவதாரணி.

"தாவரவியல்."

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சே இருக்காங்களே, அது?"

"உடற்கல்வி."

அவர் எழுந்து நின்றார். "சிவரஞ்சனியோட அம்மா விழுந்ததும் இவரோட தோட்டத்துலதான். வைத்தியம் பாக்கல. பதிலுக்கு மகளை ஏத்திட்டுப் போறாங்க. இதை எழுதிக்கோங்க சார். நீங்க எழுதலேன்னா நான் எழுதுவேன்."

இப்படிப்பட்ட அர்ப்பணிப்பை நாங்கள் சும்மா விடுவோமா? அன்று மாலையே 'சிறந்த சமூகப் பணியாளர்' விருது கொடுத்து, சால்வை போர்த்தி, பணியிலிருந்து விடுவித்தோம். சால்வையை மடித்து என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நன்றி கெட்டவர்.

சொன்னபடி எழுதவும் செய்தார். குழந்தைகள் நல அதிகாரிகள் இரண்டு பேர் மலைக்கே போனார்கள். ஏழு பிள்ளைகளும் கீழே இறங்கினார்கள். தாளாளருக்கு நெஞ்சுவலி வந்து, விசாரணை நடக்கும்போது மட்டும் வலித்தது. பவதாரணி எந்த அறையும் பலகையும் இல்லாமல் வீடுவீடாக நடந்திருக்கிறார். சிவரஞ்சனியின் அம்மா மருதாயியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். போடியில் உட்கார்ந்தபடியே ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை ஒன்றும் பார்த்துக் கொடுத்தார். சிவரஞ்சனிக்குத் தேனியில் விடுதியோடு படிக்க இடம் வாங்கினார். சம்பளம் கொடுத்தபோது எங்களுக்குப் பலூன் கட்டிய அதே பெண்!

போன வெள்ளிக்கிழமை மருதாயி மகளோடு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். இன்னும் இடுப்பைத் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள்.

"வெரசா குடுங்க ஐயா. பவதாரணி தாயி பஸ்சு ஸ்டாப்புல நிக்குது" என்றாள்.

பெருந்தன்மையோடு நானே சான்றிதழ் எழுதினேன். விலகும் காரணம்: குடும்பச் சூழ்நிலை. மாணவியின் நடத்தை: நன்று. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினேன்.

சிவரஞ்சனி நின்று ஒரு வரி விடாமல் வாசித்தாள்.

"சார், எங்க நடத்தைய நீங்க எழுதுறீங்க. ஒங்க நடத்தைய யாரு எழுதுவாக?"

மருதாயி "சும்மா இரு ஆத்தா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குக் கோபமே வரவில்லை. நிர்வாக நடைமுறையை இளைய தலைமுறை அறிந்துகொள்ள விரும்புவது பாராட்டத்தக்கதுதானே?

"தாளாளர் ஐயா எழுதுவாரும்மா. வருசா வருசம் 'மிக நன்று'ன்னு எழுதுறாரு" என்றேன்.

"அவரு நடத்தைய?"

"நான்தான்" என்றேன் பெருமையாக. "போன வாரம் அதிகாரிங்க வந்து கேட்டப்போகூட நான்தான் எழுதிக் குடுத்தேன்."